டில்லிபாபு வாங்காத மாலை

டில்லிபாபுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் சாத்தாங்காட்டில் யார் வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள். நான் எழுதுவது வேறு காரணத்துக்காக. இருபத்தாறு வருடம் அவனைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அவன் சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடிப்பான், சாவு வீட்டுக்குப் போனால் செருப்பை எங்கே விடுவான், யாரிடம் முதலில் பேசுவான் என்பதெல்லாம் அவன் பெண்டாட்டி பவானியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பிடித்தவர்களைக்கூட நாம் இவ்வளவு கவனிப்பதில்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எங்கள் யார்டு இருக்கிறது. நான் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு போடுகிறவன். பெயர் செல்வநாதன், வீடு ராயபுரம். டில்லி கிரேன் ஓட்டுகிறவன், திருவொற்றியூர்க்காரன். ஆள் ஒல்லி, முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். நான் அவனைவிட உயரம். நான் பத்தாவது பாஸ், அவன் ஏழாவதோடு நின்றவன். நன்றாகப் பாடுவேன், மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருக்கிறேன். இதையெல்லாம் நானே சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் என் பேஜாரு. அவனைப் பற்றி அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஊரே சொல்லும்.

ஊர் எதைச் சொல்லும் என்றால், பூவைச் சொல்லும்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற யார் வீட்டில் சாவு விழுந்தாலும் யார்டு சார்பில் ஒரே ஒரு மாலைதான் போகும். ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போய்க் குவிக்கக் கூடாது. அந்த ஒரு மாலையை ஒரே ஆள் பார்த்து வாங்க வேண்டும். வாங்கியவன்தான் முன்னால் போய்க் காலடியில் வைக்க வேண்டும். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ரிப்பனில் யார்டு பெயர் மட்டும் இருக்கும். ஆனால் வைக்கிற கை யாருடையது என்று எல்லாரும் பார்ப்பார்கள். அந்தக் கை இருபது வருடத்துக்கு மேல் டில்லியின் கை.

பூ வாங்குவதில் என்ன பெரிய வித்தை என்று நானும் கேட்டவன்தான். கடைக்குப் போனோமா, ஒன்றைத் தூக்கினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டிய வேலை. டில்லி அப்படிச் செய்ய மாட்டான். சாவு வீட்டுக்குப் போன் போட்டு, அழுதுகொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு, சமையல் பக்கம் நிற்கிற யாராவது ஒரு பெண்ணிடம் மெதுவாகக் கேட்பான். செத்தவருக்கு எந்த வாசனை பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். பிறகு பேருந்து பிடித்துப் பூக்கடைக்குப் போவான். ரோஜாவைக் காம்பில் அமுக்கிப் பார்ப்பான். முந்தின நாள் பூவின் மேல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். வாங்கியதைத் தொங்கவிட்டுத் தூக்கி வர மாட்டான். ஷேர் ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக்கொண்டு வருவான். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

தௌசீஃப் பாயின் அப்பா தவறியபோது நடந்ததைச் சொல்கிறேன். பாய் எங்களோடு லோடு ஏற்றுகிறவர். டில்லி வழக்கம்போல் போன் போட்டுக் கேட்டான். பூவெல்லாம் வேண்டாம், வந்து தோள் கொடுத்தால் போதும் என்றார்கள். வெறுங்கையோடு போய் அடக்க இடம் வரைக்கும் சந்தூக்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தான். நாங்களும்தான் நடந்தோம். ஆனால் மறுநாள் பாய் டீக்கடையில் எல்லார் முன்னாலும் டில்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். பூ வாங்கினால் நல்ல பெயர் வரும், சரி. வாங்காமலே நல்ல பெயர் வாங்குகிறவனை என்ன செய்வது?

என் அம்மா போனபோது நடந்தது இன்னும் மோசம். எங்கள் வழக்கப்படி வீட்டுச் சார்பில் சம்மங்கியில் சிலுவை செய்து பெட்டியின் மேல் வைத்திருந்தோம். டில்லி யார்டு சார்பில் ஒரு வளையம் கொண்டுவந்தான். சின்ன வளையம்தான். ஓரம் முழுக்க மரிக்கொழுந்து. அதை வைத்ததும் வீட்டில் ஒரு வாசனை வந்தது. என் தங்கை "அம்மா வாசனை" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் அலமாரியில், புடவை மடிப்புகளில், எப்போதும் காய்ந்த மரிக்கொழுந்து இருந்திருக்கிறது. என் பெண்டாட்டி ஃப்ளோராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். பெற்ற பிள்ளை எனக்குத் தெரியாது, கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதி அம்மாவுக்காக, மீதி அவன்மேல் வந்த ஆத்திரத்தில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ராமதாஸ் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ராமதாஸ் எங்கள் யார்டில் கேஸ் கட்டிங் செய்கிறவன். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். அப்பா, அண்ணன், தம்பி, மாமன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டில் ஏறினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். குப்பத்தில் கிண்டல் தாங்காமல்தான் பதினெட்டு வயதில் இரும்பு வெட்ட வந்தான். இதை அவன் என்னிடம் மட்டும் சொன்னான். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டிபன் பாக்சில் சாப்பிட்டோம். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றது நான். என் மகன் ஞானஸ்நானத்துக்கு முதலில் வந்து நின்றது அவன். இரண்டு வருடம் கழித்து டில்லியை யார்டில் சேர்த்துவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். கிரேனுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், இவன் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். என் கையாலேயே வினையை இழுத்துக்கொண்டேன்.

வந்த ஆறு மாதத்தில் டில்லி சொன்னால் ராமதாஸ் சிரிக்க ஆரம்பித்தான். அதே ஜோக்கை நான் சொன்னால் "அத்த தான் மாமு டில்லி நேத்தே சொன்னான்" என்பான். அவர்கள் இரண்டு பேர் வீடும் திருவொற்றியூர், சேர்ந்து போவார்கள். நான் மட்டும் ராயபுரத்துக்குத் தனியாகப் பேருந்தில் தொங்க வேண்டும். அந்தப் பேருந்தில் தொங்கியபடியே, இப்போது இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டு போவார்கள் என்று நினைத்து நினைத்துக் காசிமேடு எப்போது போனது, கல்மண்டபம் எப்போது வந்தது என்றே தெரியாமல் இறங்குவேன்.

போன வருடம் ராமதாசுக்குக் கிட்னி போய்விட்டது. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். டில்லி செவ்வாய் போனால் நான் திங்களே போய்விடுவேன். அவன் ஆரஞ்சு வாங்கிப்போனால் நான் மாதுளை வாங்கிப்போவேன். ராமதாஸ் இரண்டையும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை அவன் போய்விட்டான். எனக்குச் சொன்னது டில்லி. அவனுக்குச் சொன்னது ராமதாசின் தம்பி வெற்றி. அதாவது சாவுச் செய்தியிலும் எனக்கு இரண்டாவது இடம். டில்லி போனில், "மாமு, நம்மாளு பூட்டான்" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. நான் அழவில்லை. மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் நின்றது. இந்த மாலை டில்லி கையால் போகக் கூடாது. இது என் நண்பன். கடைசியாக அவன் காலடியில் குனிகிற கை என் கையாக இருக்க வேண்டும். அதை எல்லாரும் பார்க்க வேண்டும்.

போனை வைத்ததும் வாட்ஸப்பில் யார்டு குழுவில் போட்டேன்: "ராமதாஸ் மாலை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாரும் வாங்க வேண்டாம்." இரண்டு நிமிடத்தில் டில்லியிடமிருந்து பதில் வந்தது. "சரி மாமு."

அவ்வளவுதான். ஒரு சண்டையும் இல்லை. அவன் ஏதாவது மறுத்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஃப்ளோரா காபி கொண்டுவந்து வைத்தாள். "இன்னா பூ வைக்கப் போறீங்க?"

"நல்ல பூ."

"டில்லி அண்ணன் கைல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. அவருக்குத் தெரியும் ராமதாஸ் அண்ணனுக்கு இன்னா புடிக்கும்னு."

"ஏன், எனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு மீன் குழம்பில் எந்தத் துண்டு பிடிக்கும் என்று தெரியும். எந்தக் காலில் ஆணி என்று தெரியும். எந்த நடிகையைப் பார்த்தால் அசடு வழிவான் என்று தெரியும். பூவைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் எதற்குப் பூவைப் பற்றிப் பேசுவார்கள்? வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். டில்லி செய்கிற மாதிரி நானும் செய்வதா என்று விட்டுவிட்டேன். பிடித்தது தெரியாவிட்டால் என்ன, பெரியதாக இருந்தால் போதும். டில்லி இதுவரை வாங்கியதிலேயே இல்லாத அளவுக்குப் பெரியது.

எங்கள் கோயில் பக்கத்தில் உதயா மலர் வளையக் கடை வைத்திருக்கிறான். என் அம்மாவுக்கு, மாமனாருக்கு, பெரியப்பாவுக்கு எல்லாம் அவன் கடையிலிருந்துதான் வீட்டுப் பூ போயிற்று. போன் போட்டேன்.

"உதயா, செல்வம் பேசுறேன். ஜல்தியா ஒண்ணு வோணும். ஒன்கிட்ட கீறதுலயே பெருசு. அஞ்சடிக்குக் கொறயக் கூடாது."

"யாருக்குண்ணா?"

"எனுக்கு வேண்டியவன். சம்மங்கி போடு, நடுவுல செவப்பு ரோஜா. ரிப்பன்ல நம்ம யார்டு பேரு. பத்து மணிக்கு திருவொற்றியூருக்கு வண்டில அனுப்பிடு, எடம் அனுப்பி வைக்கிறேன்."

"அண்ணா, ஒரு நிமிசம், இது..."

"நீ செஞ்சி அனுப்பு. எனுக்கு நேரமில்ல."

போனை வைத்துவிட்டேன். எனக்கு நேரம் இருந்தது. டில்லிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்கிற அவசரம்தான். டில்லியாக இருந்தால் கடையில் நின்று, பக்கத்தில் உட்கார்ந்து கட்டச்சொல்லி, மடியில் வைத்துக் கொண்டுவந்திருப்பான். நான் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

குப்பத்துக்குள் நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. வலைகளைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஃப்ரீஸர் பெட்டிக்குள் ராமதாஸ் சின்னப் பையன் மாதிரி சுருங்கிக் கிடந்தான். தலைமாட்டில் செல்லம்மா, அவன் பெண்டாட்டி. என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, வந்துட்டியா, ஒன் தோஸ்த பாருண்ணே" என்று கதறினாள். ஒன் தோஸ்து என்றாளே, அது போதும் எனக்கு. பந்தல் மூலையில் டில்லி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறான். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. ஆனால் கையில் எதுவும் இல்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பிணம் கிடக்கிற வீட்டில் ஒருவன் வெறுங்கையோடு இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தேகாலுக்கு வண்டி வந்தது. யார்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். நான் முன்னால் போனேன். இரண்டு பேர் மேலே மூடியிருந்த வாழை இலைகளை எடுத்துவிட்டுத் தூக்கி நிமிர்த்தினார்கள்.

ஐந்தடிச் சிலுவை. வெள்ளைச் சம்மங்கி, நடுவில் செவ்வரியாக ரோஜா. குறுக்கே ஊதா ரிப்பனில் ஒரு பக்கம் யார்டு பெயர், மறுபக்கம் "நித்திய இளைப்பாற்றி" என்று பொன்னெழுத்து. எங்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் உதயா என்ன செய்து கொடுத்தானோ அதையே, இன்னும் பெரியதாக, நன்றாகச் செய்து அனுப்பியிருந்தான். அவன்மேல் குற்றமே இல்லை. யாருக்கு என்று கேட்டவனுக்கு நான் செத்தவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மேளக்காரர் ஒருவர் கையை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்தினார்கள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்பத்துப் பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இன்னாய்யா இது? யார் வூட்டு எழவுக்கு இன்னா கொணாந்துகீறீங்க?"

வெற்றி என்னிடம் வந்தான். "இன்னாண்ணே இது? எங்க அண்ணன் எப்ப வேதத்துல சேந்தான்?" அவன் கோபப்படவில்லை. கோபப்படலாமா என்று யோசிப்பவன் குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செல்லம்மா அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சிலுவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டில்லி எழுந்து வந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. கிரேனில் கொக்கி மாட்டுவதற்கு முன்னால் இரும்பைச் சுற்றிவந்து பார்ப்பானே, அப்படி அதைச் சுற்றிவந்தான். பிறகு பெரியவரிடம் போய் நின்றான்.

"பெர்சு, கோச்சிக்காத. இது சிலுவ இல்ல. வர்ற வழில கீழ்ப்பக்கம் கயண்டுகிச்சி. ரோடு அப்டி கீது. பத்து நிமிசம் குடு."

பெரியவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். டில்லி வெற்றியிடம் வலை பின்னுகிற நூல் கேட்டான். பந்தலுக்குப் போட்டதில் மிச்சம் கிடந்த மூங்கில் தப்பை ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்தான். அதைச் சிலுவையின் அடியில் பிறை மாதிரி வைத்துக் கட்டினான். வெற்றியும் எதற்கென்று கேட்காமல் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்தான். மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன சாமந்தி மாலைகளிலிருந்து இரண்டை எடுத்து அந்தப் பிறை முழுக்கச் சுற்றினார்கள். ஒரு சின்ன வளையத்தை உச்சியில் கோத்தான். ரிப்பனை அவிழ்த்து, பொன்னெழுத்து இருந்த பாதியைக் கிழித்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

நிமிர்த்தினார்கள். வேலை அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது. இடது பக்கம் கொஞ்சம் தொங்கியது, சாமந்தியும் சம்மங்கியும் சேரவில்லை. ஆனால் அங்கே இருந்த ஒரு குழந்தைக்குக்கூட அது என்னவென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நங்கூரம்" என்றார் பெரியவர்.

கூட்டம் மெல்ல முணுமுணுத்தது. பெரியவர் கிட்டே வந்து அதன் குறுக்குக் கையைத் தொட்டுப் பார்த்தார். "கடலு ஒத்துக்காத புள்ளன்னு எத்தினி பேசுனோம் இவன. கடசீல நங்கூரத்தோட போறான் பாரு. யாருய்யா இத்த ரோசன பண்ணது?"

"தோ, செல்வம் தான்" என்றான் டில்லி. "அவன் தான் சொல்லி செய்ய வச்சான். நான் அறுந்தத கட்னேன், அவ்ளோ தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன். ஒரு கிழவி "கரையில நங்கூரம் போட்டியா ராசா" என்று ஒப்பாரியை ஆரம்பித்தாள், மற்ற பெண்கள் அதை வாங்கிப் பாடினார்கள். மேளம் மறுபடி கிளம்பியது. நான் முன்னால் நடந்தேன். டில்லி உட்பட யார்டே எனக்குப் பின்னால் நின்றது. குனிந்து ராமதாசின் காலடியில் வைத்தேன்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவன் மாதிரி இருந்தேன். யாராவது வந்து "என்ன யோசனை உனக்கு" என்று தோளைத் தட்டியபோதெல்லாம் டில்லியைத் தேடினேன். அவன் சுடுகாட்டு வண்டிக்குப் பூக்கட்ட உதவிக்கொண்டிருந்தான். என் தப்பை மூடியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை அவ்வளவு சுலபமாகச் செய்தான் பாருங்கள், அதுதான் எனக்கு எரிந்தது. அவன் அப்படி மாட்டிக்கொண்டிருந்தால் நான் எழுந்தே வந்திருக்க மாட்டேன். மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்பதுதான் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டு ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தோம். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து நடந்தேன். வாசல் பக்கம் வந்தபோது உள்ளேயிருந்து செல்லம்மா கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணே, அது சொன்னா மாரியே நீயே மால வாங்கியாந்துட்ட."

"இன்னா சொன்னான்?"

"டில்லி அண்ணன் ஒன்கிட்ட சொல்லல?"

"எத்த?"

செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரில கடசீயா படுத்திருந்தப்ப டில்லி அண்ணன் கைய புடிச்சிகினு சொல்லிச்சி. எனுக்கு நீ மால வாங்காத டில்லி. செல்வம் வாங்கட்டும். நீ வாங்குனா நல்லாத் தான் இருக்கும், ஆனா அவன் காலத்துக்கும் வெந்துகினு கெடப்பான். அவனுக்கு ஒன் மேல பொறாம. என் மேல கீற ஆசயில தான் அந்தப் பொறாம. அவன் இன்னா கலீஜா வாங்கினு வந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்லாம நீ பாத்துக்க அப்டின்னு சொல்லிச்சி. நான் பக்கத்துல தான் நின்னுகினு இருந்தேன்."

அவள் என் கையைத் தொட்டுவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்தாள்.

ராமதாசுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருடமும் தெரிந்திருக்கிறது. நான் பிடுங்கிக்கொண்டதாக நினைத்த மாலை எனக்கென்று ஒதுக்கி வைத்த மாலை. காலையில் குழுவில் வந்த அந்த "சரி மாமு"வுக்கு முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

வெளியே வந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசையில் நின்றிருந்தன. ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் டில்லி தனியாக நின்றுகொண்டிருந்தான். விரல்களில் நூல் அறுத்த கோடுகள் இருந்தன. அவனிடம் போனேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த எண்ணத்தோடுதான் போனேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"அவன் ஒன்கிட்ட எப்ப சொன்னான்?"

டில்லிக்கு உடனே புரிந்துவிட்டது. கீழே பார்த்தான். "கடசி ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம நானும் தான அங்க இருந்தேன்? எனுக்கு ஏன் கேக்கல?"

"நீ எளநி வாங்கப் போயிருந்த."

"அவன் தான் போவச் சொன்னான்."

"ஆமா" என்றான் டில்லி. "ஒன்ன வெளிய அனுப்பத் தான் சொன்னான். அவனுக்குத் தான் எளநி குடுக்கக் கூடாதே மாமு."

அன்றைக்கு அவன் டில்லியை விட்டுவிட்டு என்னைக் கேட்டான் என்று எவ்வளவு பெருமையாகப் படியிறங்கிப் போனேன். வழுக்கையாக வேண்டும் என்று கடைக்காரரிடம் நின்று தட்டிப் பார்த்து வாங்கினேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். ராமதாஸ் ஒரு வாய் உறிஞ்சுகிற மாதிரி ஸ்ட்ராவை உதட்டில் வைத்துவிட்டு, "சூப்பர் மாமு" என்றான்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. லாரி டிரைவர்கள் பார்க்கிற இடத்தில், நடு ரோட்டோரத்தில் நின்று அழுதேன். டில்லி கிட்டே வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் தோளில் முகத்தை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ராமதாசைத் தெரிந்த தோள் அங்கே அது ஒன்றுதான் இருந்தது.